கொய்சுமி யாகுமோ: அயல்மண்ணில் ஓர் இல்லறம்

அயல்நாடு சென்றோர் பலர் அந்நாட்டின் கோயில்களையும் கோட்டைகளையும் கண்டு எழுதியுள்ளனர். அங்குள்ள தெருவொன்றில் குடியிருந்து, காய்கறி விற்பாரின் குரல் கேட்டு விழித்து, அண்டை அயலாரின் நன்மை தீமைகளில் பங்கு கொண்டு, அவ்வெளிய வாழ்வையே இலக்கியமாக்கியவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் லாஃப்காடியோ ஹெர்ன். ஜப்பானியர் அவரைக் கொய்சுமி யாகுமோ என்னும் பெயரால் தம் எழுத்தாளருள் ஒருவராகவே போற்றி வருகின்றனர்.

தமிழ்க் கவிஞர்க்கு அவர் முற்றிலும் அயலார் அல்லர். 1916ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் பாரதியார் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய கட்டுரையே தமிழுலகிற்கு ஹைக்கூவின் முதல் அறிமுகம் என்பர். அதற்குத் தூண்டுகோலாய் அமைந்தது உயோனே நோகுச்சி என்னும் ஜப்பானியக் கவிஞர் மாடர்ன் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையாகும். அந்த நோகுச்சியே 1910இல் ஹெர்னின் ஜப்பான் வாழ்க்கையைப் பற்றித் தனிநூல் ஒன்று எழுதியவர். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, தவளையையும் சிள்வண்டையும் பற்றிய தம் கட்டுரைகளினூடே ஜப்பானியக் குறும்பாக்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்திருந்தார் ஹெர்ன்.

தாயைப் பிரிந்த பிள்ளை

அயோனியத் தீவுகளுள் ஒன்றாகிய லெஃப்காடாவில் 1850ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் ஹெர்ன் பிறந்தார். அத்தீவின் பெயரே அவர் பெயருமாயிற்று. தந்தை சார்லஸ் புஷ் ஹெர்ன், பிரித்தானியப் படையில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர். தாய் ரோசா, கித்திரா தீவைச் சேர்ந்த கிரேக்கப் பெண். இரண்டு வயதில் தாயுடன் டப்ளின் நகருக்கு வந்து சேர்ந்தது குழந்தை. குளிரும் மழையும் மிக்க அந்நகரில், மொழியறியாத மருமகளாய் ரோசாவால் நிலைத்திருக்க இயலவில்லை. 1854இல் அவர் கிரேக்க நாட்டிற்குத் திரும்பினார். தாயும் மகனும் அதன்பின் ஒருவரையொருவர் காணவேயில்லை. சில ஆண்டுகளில் தந்தை அத்திருமணத்தையே செல்லாததாக்கி வேறு மணம் புரிந்துகொண்டார்.

பிள்ளையை வளர்த்தவர் தந்தைவழி உறவினரான சாரா பிரெனேன் என்னும் செல்வப் பாட்டியார். இருளைக் கண்டு அஞ்சிய சிறுவனைத் திருத்தும் பொருட்டு இரவில் அவனைத் தனியறையில் விட்டுக் கதவைப் பூட்டுவது அவ்வீட்டு வழக்கமாய் இருந்தது. அவ்விருளில் கண்ட பேயுருவங்களை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. 16ஆம் வயதில், டர்ஹம் அருகிலிருந்த கத்தோலிக்கப் பள்ளியில் விளையாடும்போது நேர்ந்த அடியால் இடக்கண் பார்வையிழந்தது. எஞ்சிய கண்ணும் கிட்டப்பார்வையுடையது. அதிகம் படித்துப் படித்து அது புடைத்துக் காணப்பட்டது. படம் எடுக்கும்போதெல்லாம் முகத்தை ஒருபுறம் திருப்பியோ கண்களைத் தாழ்த்தியோ அமர்வது அவர் இயல்பாயிற்று. பாட்டியாரின் செல்வம் பிறரை நம்பிய முதலீட்டில் அழிந்தது. 19 வயதில், கையில் அதிகப் பொருளின்றி, அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்கு அவர் அனுப்பி வைக்கப்பெற்றார்.

தாய்நாடு, தாய்மொழி, தாய் என்ற மூன்றையும் நினைவறியும் முன்னரே இழந்த ஒருவர், பிறர் வீட்டின் அடுப்பொலியையும் தாலாட்டையும் பின்னாளில் அத்துணை உன்னிப்பாகக் கேட்டதில் வியப்பில்லை.

தெருவின் குரல்கள்

சின்சினாட்டியில் அவருக்கு முதல் அடைக்கலம் தந்தவர் ஹென்றி வாட்கின் என்னும் முதிய அச்சகத்தார். அச்சகத்துக் காகிதத் துண்டுகளின் மேல் படுத்துறங்கி ஹெர்ன் அத்தொழிலைக் கற்றார். 1872 முதல் நாளிதழ்களுக்கு எழுதத் தொடங்கினார். ஆற்றங்கரைச் சுமைதூக்குவோர், கருப்பின மக்களின் ஆடல் பாடல், சேரித் தெருக்கள் ஆகியவை அவர் எழுத்தில் இடம்பெற்றன. நகரத்துப் பெருமக்கள் பாராத இடங்களுக்கே அவர் கால்கள் சென்றன.

1874இல் அலெத்தியா ஃபோலி என்னும் பெண்ணை அவர் மணந்தார். முன்னர் அடிமையாயிருந்தவர் அப்பெண். வெள்ளையரும் கருப்பரும் மணப்பதை ஓகையோ மாநிலச் சட்டம் அன்று தடுத்திருந்தது. இச்செய்தி பரவியதால் நாளிதழ்ப் பணி பறிபோயிற்று. சட்டத்தையும் ஊரையும் எதிர்த்து நின்ற அத்துணிவு போற்றத்தக்கதே. ஆயினும் அம்மணவாழ்வு சில ஆண்டுகளிலேயே முறிந்தது. 1877இல் ஹெர்ன் நியூ ஆர்லியன்சு சென்றார், அலெத்தியா பின்தங்கினார். தம் தாய்க்கு நேர்ந்த கைவிடலை வாழ்நாளெல்லாம் எண்ணி வருந்திய மனிதர், மற்றொரு பெண்ணை விட்டு அகன்றார் என்னும் உண்மையை அவர் வரலாற்றிலிருந்து நீக்கிவிட இயலாது. அவர் இறந்தபின் அலெத்தியா கேட்ட வாழ்க்கைத்துணை உரிமையும் வழக்குமன்றத்தில் ஏற்கப்படவில்லை.

நியூ ஆர்லியன்சில் பத்தாண்டுகள் கழிந்தன. விடியற்காலையில் தெருவில் கூவி விற்பவர்களின் குரல்களையே பொருளாகக் கொண்டு 1881இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஐந்து சென்ட் விலையில் உணவளிக்கும் சிற்றுண்டிச்சாலை ஒன்றைத் தொடங்கிச் சில நாட்களிலேயே கூட்டாளியால் ஏமாற்றப்பட்டு இழந்தார். அவ்விழப்பிலும் சமையற்கட்டின் மீதான ஆர்வம் குறையவில்லை. கிரியோல் மக்களின் சமையற்குறிப்பு நூலொன்றையும் அவர்தம் பழமொழித் தொகுப்பு நூலொன்றையும் 1885இல் வெளியிட்டார். உணவும் பழமொழியும் ஒரே ஆண்டில் ஒருவர் கையால் தொகுக்கப்பெற்றமை அவர் நோக்கினை நன்கு காட்டும்.

அடுத்த இரண்டாண்டுகள் கரீபியக் கடலின் மார்த்தினீக் தீவில் கழிந்தன. தலைச்சுமையுடன் மலைவழி ஏறி இறங்கும் பெண்கள், மீன்சந்தை, திருவிழாக் கூட்டம், அம்மை நோய் பரவிய நாட்களின் துயரம் ஆகியவற்றை அங்கே எழுதினார். அவர் வாழ்ந்த செயின்ட் பியேர் நகரம் 1902இல் பெலே எரிமலை வெடித்தபோது ஏறத்தாழ 30,000 உயிர்களுடன் அழிந்தது. அத்தெருக்களின் அன்றாட வாழ்வு இன்று எஞ்சியிருக்கும் இடங்களுள் ஹெர்னின் நூலும் ஒன்று.

மட்சுயேயின் வைகறை

1890ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் யோகோகாமா துறைமுகத்தில் ஹெர்ன் வந்திறங்கினார். அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றிற்குப் பயணக் கட்டுரைகள் எழுதித் தருவதே வந்த நோக்கம். வந்த சில வாரங்களில் அவ்வேற்பாட்டை அவரே முறித்துக்கொண்டார். அக்காலத்தில் ஜப்பானில் வாழ்ந்த மேலைநாட்டார் பெரும்பாலும் துறைமுக நகரங்களில் தமக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளில், தம் நாட்டுச் சட்டத்தின் கீழ், தம் நாட்டு உணவும் மன்றமும் அமைத்து வாழ்ந்தனர். 1899 வரை நீடித்த ஏற்பாடு அது. கடல் கடந்து வந்தும் தம் ஊரைவிட்டு நீங்காதவர் அவர்கள்.

ஹெர்ன் அவ்வேலியைக் கடந்தார். பேராசிரியர் பேசில் ஹால் சேம்பர்லின் முதலியோர் உதவியால், நாட்டின் மேற்குக் கரையிலுள்ள இசுமோ வட்டாரத்தின் மட்சுயே நகரில் நடுநிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர் பணி கிடைத்தது. மாத ஊதியம் 100 யென். ஓர் இளம் மொழிபெயர்ப்பாளருடன் மலைகளைக் கடந்து பயணம் செய்தபோது, இறந்தோரை நினைந்து ஆடும் போன் நடனத்தை வழியிலுள்ள சிற்றூர் ஒன்றில் கண்டார். நள்ளிரவில் கோயில் முற்றத்தில் ஊர்ப்பெண்கள் வட்டமாய் நின்று ஓசையெழாமல் ஆடிய அக்காட்சி அவர் உள்ளத்தில் நிலைத்தது. ஆகஸ்ட் 30ஆம் நாள் மட்சுயே வந்து சேர்ந்தார்.

ஆற்றங்கரை விடுதி ஒன்றில் தங்கிய அவருக்கு அந்நகரம் முதலில் செவி வழியாகவே அறிமுகமாயிற்று. விடியுமுன் நெல் குற்றும் உலக்கையின் அதிர்வு தலையணைக்குக் கீழிருந்து எழுவது போல் கேட்கும். பின் புத்தர் கோயில் மணி. அதன்பின் முள்ளங்கியும் விறகும் கூவி விற்போர் குரல். ஆற்றுப்படியில் முகங்கழுவி, கீழ்வானை நோக்கி நின்று, கைதட்டி ஞாயிற்றை வணங்குவோரின் ஓசை அடுத்து வரும். கதிர் ஏறியதும் பெரிய பாலத்தின் மேல் நூற்றுக்கணக்கான மரச்செருப்புகள் தாளமிட்டுச் செல்லும். இவற்றை வரிசைப்படுத்தி எழுதிய பக்கங்கள், அவரது முதல் ஜப்பான் நூலாகிய 1894ஆம் ஆண்டின் இரு தொகுதிகளுள் மிகச் சிறந்தனவாகக் கருதப்படுகின்றன. பார்வை குன்றியவருக்குச் செவியே முதற்கருவியாயிற்று.

பள்ளித் துணைத்தலைவர் நிஷிடா சென்டாரோ அவருக்கு நண்பராகவும் வழிகாட்டியாகவும் அமைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இசுமோ பெருங்கோயிலின் உள்ளகத்துள் நுழையும் பேறு ஹெர்னுக்குக் கிடைத்தது. அதற்குமுன் மேலைநாட்டார் எவரும் அங்கு அனுமதிக்கப்பட்டதில்லை. ஆயினும் அவர் எழுத்தில் பெருங்கோயிலுக்குத் தந்த அதே மதிப்பைத் தெருமுனையிலிருந்த குழந்தைகாக்கும் ஜிசோ சிலைகளுக்கும் தந்துள்ளார். மாணவர்கள் அவர் இல்லத்திற்கு வந்து, தம் வீட்டுப் பழம்பொருள்களைக் காட்டி, ஊர்க்கதைகளைத் தம் பள்ளி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தனர். அவர்களுள் ஓரிருவர் இளமையிலேயே மாண்டனர். அவர்தம் இறுதிச் சடங்குகளில் ஆசிரியரும் ஊராருள் ஒருவராய் நின்றார்.

செட்சு

1891ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கடும்பனி பெய்தது. மெல்லிய காகிதக் கதவுகளும் சிறு கரிச்சட்டியும் உடைய அறையில் ஹெர்ன் நோயுற்றார். மாவட்ட ஆளுநரின் மகள், நோயாளி கேட்டு மகிழட்டும் என்று, இனிது பாடும் உகுய்சுப் பறவை ஒன்றைக் கூண்டுடன் அனுப்பி வைத்தார். அப்பனிக்காலத்தில்தான் வீட்டைப் பேணுவதற்காகக் கொய்சுமி செட்சு என்னும் பெண் அவரிடம் வந்தார்.

செட்சு 1868இல் பிறந்தவர். பழைய ஆட்சிமுறை வீழ்ந்த ஆண்டு அது. மானியத்தால் வாழ்ந்த சாமுராய்க் குடும்பங்கள் பல அதன்பின் வறுமையில் ஆழ்ந்தன. சிறுமியாய் இருந்தபோதே நெசவு செய்து குடும்பத்தைத் தாங்கியவர் செட்சு. மணந்த கணவர் வறுமைக்கு அஞ்சி அவரை விட்டு ஓடிப்போனார். கைவிடப்பட்ட தாயின் மகனும் கைவிடப்பட்ட மனைவியும் இவ்வாறு ஒரு கூரையின் கீழ் வந்து சேர்ந்தனர். அவ்வாண்டிலேயே இருவரும் கணவன் மனைவியாயினர்.

கோட்டை அகழியின் எதிரில், மூன்று பக்கமும் தோட்டம் சூழ்ந்த பழைய சாமுராய் வீட்டிற்கு அவர்கள் குடிபுகுந்தனர். அங்கு வாழ்ந்தது ஏறத்தாழ ஐந்து திங்களே. ஆயினும் அத்தோட்டத்துத் தாமரைக் குளமும் தவளைகளும் ஹெர்னின் எழுத்தால் உலகறிந்தன. குளத்துத் தவளைகளைப் பிடிக்கப் பாம்பு வருவதுண்டு. அதனை அடிக்கவோ விரட்டவோ அவர் விரும்பவில்லை. தம் உணவுத் தட்டிலிருந்து ஒரு பங்கை எடுத்துப் பாம்பிற்கு வைத்து, தவளைகளை விட்டுவிடும்படி அதனிடமே வேண்டிக்கொள்வாராம். சிறுவர்கள் ஏரிநீரில் அமிழ்த்தி வதைத்த பூனைக்குட்டி ஒன்றைச் செட்சு மீட்டு வந்தபோது, ஈரத்தால் நடுங்கிய அதனைத் தம் ஆடைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டார். இச்செய்திகள் செட்சு 1914இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளால் அறியப்படுபவை.

இருவருக்கும் பொதுமொழி ஒன்றில்லை. ஹெர்னுக்கு ஜப்பானிய நூல்களைப் படிக்கும் திறன் இறுதிவரை வாய்க்கவில்லை. செட்சு ஆங்கிலச் சொற்களை ஜப்பானிய எழுத்தில் ஒலிபெயர்த்து ஒரு சிறு ஏட்டில் எழுதி மனனம் செய்தார். ஆயினும் வீட்டில் வழங்கியது வேறொரு மொழி. வேற்றுமை உருபுகள் நீங்கிய, வினைமுற்றுகள் திரிபடையாத, சொற்களை ஆங்கில வரிசையில் அடுக்கிய ஜப்பானியம் அது. ஹெர்ன் மொழி என்றே குடும்பத்தார் அதற்குப் பெயரிட்டனர். இலக்கணப் பிழை மலிந்த அம்மொழியிலேதான் காதலும் சினமும் பிள்ளை வளர்ப்பும் பேய்க்கதையும் நடந்தேறின.

குடும்பத்தின் சுமை

மட்சுயேயின் குளிரை உடல் ஏற்கவில்லை. வீட்டுச் செலவும் பெருகிற்று. 1891 நவம்பரில் தெற்கே குமாமோட்டோ நகரின் ஐந்தாம் உயர்பள்ளிக்கு 200 யென் ஊதியத்தில் அவர் மாறினார். அங்கே தலைவராய் இருந்தவர் ஜூடோக் கலையை வகுத்த கானோ ஜிகோரோ. மட்சுயேயை விட்டுப் புறப்பட்ட நாளில் மாணவர் கூட்டம் படகுத்துறை வரை வந்து வழியனுப்பிற்று. பழைய வாள் ஒன்றை அவர்கள் பரிசாகத் தந்திருந்தனர்.

குமாமோட்டோ அவர் கனவைக் கலைத்த ஊர். போர்ப்படை முகாமும் புதிய கட்டடங்களும் நிறைந்த அந்நகரில் பழைய நகரத்து இன்முகத்தை அவர் காணவில்லை. சக ஆசிரியர்கள் விலகியே இருந்தனர். ஜப்பான் முழுதும் மட்சுயேயாக இல்லை என்பதை அவர் உணர்ந்தார். நண்பர்க்கு எழுதிய மடல்களில் கசப்பு வெளிப்பட்டது. தாம் கண்ட பொன்னுலகம் முதல் ஆண்டின் மயக்கமோ என்னும் ஐயமும் அவரை வாட்டிற்று. அயல்நாட்டில் வாழ்வோர் பலருக்கும் நேரும் கட்டம் இது. மனமுறிந்து கப்பலேறுவோரும், கசப்பையே தொழிலாக்கிக் கொள்வோரும் இக்கட்டத்தில் உருவாகின்றனர்.

ஹெர்ன் கப்பலேறவில்லை. அவரைத் தடுத்து நிறுத்தியது ஜப்பானின் அழகன்று, குடும்பமே எனலாம். செட்சுவின் வளர்ப்புப் பெற்றோரும் பாட்டனாரும் அவ்வீட்டில் வாழ்ந்தனர். அவர்கள் அனைவர்க்கும் சோறு அவர் ஊதியத்தில் வந்தது. முதியோர்க்கு முதலில் பரிமாறுவதும், காலையில் குலதெய்வத்தின் முன் விளக்கேற்றுவதும், வெளியே செல்பவரை வாயில்வரை வந்து வழியனுப்புவதும் அங்கே நாள்தோறும் நடந்தன. 1893 நவம்பரில் தலைமகன் கசுவோ பிறந்தான். பிள்ளையைக் கண்டதும், மனைவி மக்களைக் கைவிடும் ஆடவரைத் தம்மால் இனி எண்ணிப் பார்க்கவே இயலவில்லை என்னும் கருத்துப்பட நண்பருக்கு எழுதினார். அவ்வரிகளின் பின்னே அவர் தந்தையின் நிழலும் அவருடைய பழைய குற்றத்தின் நிழலும் நிற்கின்றன.

1894இல் கோபே துறைமுகத்து ஆங்கில நாளிதழில் பணியேற்றார். கண்ணோய் காரணமாகச் சில மாதங்களில் அதனை விட நேர்ந்தது. மேலைநாட்டார் நிறைந்த அவ்வூரில் வாழ்ந்தபோது, தம் உடல் தேய்வதையும் தமக்குப்பின் குடும்பம் நிற்கும் நிலையையும் எண்ணிக் கலங்கினார். பிரித்தானியக் குடிமகனின் மனைவியாகப் பதிவு செய்தால் செட்சு தம் நாட்டிலேயே அயலாராவார். நிலம் வீடு உடைமை கொள்ளும் உரிமைக்குத் தடை வரும். பதிவு செய்யாவிடில் பிள்ளைகளுக்கு மரபுரிமை இல்லை. எஞ்சிய வழி ஒன்றே: கணவரே ஜப்பானியராக மாறுதல்.

1896இல் அது நிறைவேறிற்று. மனைவியின் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டு, அக்குடும்பப் பெயரை ஏற்று, அவர் கொய்சுமி யாகுமோ ஆனார். தமிழகத்து வழக்கில் கூறின் வீட்டோடு மாப்பிள்ளையாயினார். கொய்சுமி என்பது சிற்றூற்று என்றும், யாகுமோ என்பது எட்டு முகில்கள் என்றும் பொருள்படும். இசுமோ நாட்டைக் குறிக்கும் பழங்கவிதை அடைமொழி அது. செல்வாக்கு மிக்க பேரரசு ஒன்றின் குடியுரிமையை அவர் துறந்தார். புகழுக்காகவோ கொள்கைக்காகவோ அவர் அதைச் செய்யவில்லை. மனைவியின் பெயரில் ஒரு வீடும் மகனுக்கு ஒரு மரபும் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே செய்தார்.

இருளில் கேட்ட கதைகள்

1896 செப்டம்பர் முதல் டோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். எழுதி வைத்துப் படிக்காமல், மாணவர் எழுதிக்கொள்ளும் வகையில் மெல்லப் பேசுவது அவர் முறை. மாணவர்களின் அக்குறிப்புகளே அவர் மறைவிற்குப் பின் நூல்களாயின. தலைநகரின் கூட்டங்களையும் விருந்துகளையும் அவர் விரும்பவில்லை. வீட்டருகிலிருந்த பழைய கோயிலின் மரநிழலில் உலவுவதே அவருக்கு ஆறுதல். அக்கோயிலின் பெரிய தேவதாரு மரங்கள் விலைக்காக வெட்டப்பட்ட நாளில் தம் உறவினரை இழந்தவர்போல் வருந்தினார். பின்னர் 1902இல் நிஷி ஒக்குபோ பகுதியில் செட்சு பார்த்து அமைத்த சொந்த வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர்.

அவர்தம் புகழ்பெற்ற கதைகள் பிறந்த முறை தனித்து நோக்கத்தக்கது. செட்சு பழைய புத்தகக் கடைகளில் தேடிக் கதைத் தொகுதிகளை வாங்கி வந்து படிப்பார். இரவில் விளக்கின் திரியைத் தாழ்த்தியபின் கணவர்க்கு அவற்றைக் கூறுவார். நூலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தல் கூடாது. தம் சொற்களில், தம் உணர்வில் கூற வேண்டும் என்பது ஹெர்ன் இட்ட கட்டளை. கேட்கும்போது அவர் முகம் வெளுத்துக் கண் நிலைகுத்தி நிற்குமாம். அவ்விடத்தில் அக்குரல் எவ்வாறு ஒலித்திருக்கும், அன்றைய இரவு எத்தகையது, மரச்செருப்பின் ஓசை எப்படிக் கேட்டிருக்கும் என்று மீண்டும் மீண்டும் வினவுவார். கூறிக் கூறி அச்சம் மேலிட்டு, செட்சுவே கெட்ட கனவுகளால் துன்புற்றதுண்டு.

ஹொய்ச்சி என்னும் கண்பார்வையற்ற யாழ்ப்பாணனின் கதையை எழுதிய நாட்களில், மாலை இருண்ட பின்னும் ஹெர்ன் அறையில் விளக்கேற்றவில்லை. பக்கத்து அறையிலிருந்து செட்சு அப்பாணனின் பெயர் சொல்லி மெல்ல அழைக்க, அவர் பாணனாகவே மாறி மறுமொழி தந்தார். வெளியே மூங்கிலிலை அசைந்த ஓசை அவருக்குப் பழம்போரில் மாண்ட வீரர்களின் ஓலமாய்க் கேட்டது. சிறுவயதில் டப்ளின் நகரத்துப் பூட்டிய அறையில் தனியே நடுங்கியவருக்கு, இருளில் பேசும் துணை ஒன்று நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

இக்கதைகள் 1904இல் குவைதான் என்னும் பெயரில் நூலாயின. நூலின் முகப்பில் ஒரு பெயரே உண்டு. கதையைத் தேடியவர், கூறியவர், கூறும்போது அதற்கு உயிரும் நடையும் தந்தவர் செட்சு. ஆங்கிலம் தந்தவர் ஹெர்ன். தமக்குக் கல்வியில்லையே என்று செட்சு ஒருமுறை வருந்தியபோது, தம் நூல்கள் நிறைந்த அலமாரியின் முன் அவரை அழைத்துச் சென்று, அவை யாரால் பிறந்தன என்று கேட்டார் ஹெர்ன் என்பது அவர் குறிப்பில் காணும் செய்தி. வீட்டினுள் சொல்லப்பட்ட அவ்வுண்மை நூலின் முகப்பிற்கு வந்து சேரவில்லை.

மீன்காரர் வீட்டு மாடி

1897 முதல் கோடை விடுமுறைகளை யாய்சு என்னும் மீனவர் ஊரில் அவர் கழித்தார். யாமகுச்சி ஒட்டோகிச்சி என்னும் மீன் வணிகரின் வீட்டு மாடியே தங்குமிடம். கீழே மீன்கடை, ஈயும் தெள்ளுப்பூச்சியும் மிகுதி. டோக்கியோவின் பெரிய மனிதர் எவரும் அங்கு தங்க ஒருப்படார். ஹெர்னுக்கோ அதுவே விண்ணுலகம். சிறந்த நீச்சல்காரராகிய அவர் அலைமிக்க கடலில் மணிக்கணக்கில் நீந்துவார். மகனுக்கும் நீச்சல் கற்பிப்பார்.

ஒட்டோகிச்சி அவரை ஆசிரியப் பெருந்தகை என்னும் பொருள்பட அழைப்பார். பல்கலைக்கழகப் பேராசிரியரும் அம்மீன்காரரை மதிப்புப் பின்னொட்டுச் சேர்த்தே அழைப்பார். அவ்வூர்ப் பிள்ளைகள், கோயில் திருவிழா, கடலில் மாண்டோர்க்காக விளக்குகளை மிதக்கவிடும் இரவு ஆகியன அவர் கட்டுரைகளாயின. ஒட்டோகிச்சியின் வீட்டிலிருந்த தருமா பொம்மைக்கு ஒரு கண்தான் வரையப்பட்டிருந்தது. நல்ல வருவாய் வந்தபின்பே மறுகண் வரைவது வழக்கம். ஒற்றைக் கண்ணுடைய எழுத்தாளர் விடுமுறை முடிந்து கணக்குத் தீர்த்தபோது, அப்பொம்மை இரு கண்ணும் பெற்று நின்றதைக் கண்டு எழுதிய கட்டுரை நகையும் கனிவும் கலந்தது.

கூண்டிலிருந்து வந்த பாட்டு

1903இல் பல்கலைக்கழகப் பணி முடிவுக்கு வந்தது. வெளிநாட்டார்க்குரிய ஊதியத்தைக் குடியுரிமை பெற்ற ஜப்பானியர்க்குத் தொடர்வதில் எழுந்த சிக்கலும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்விடத்திற்கு வந்தவர்களுள் ஒருவர், பின்னர்ப் பெரும் நாவலாசிரியரான நட்சுமே சோசெகி. அயல்நாட்டினராய் இருந்தபோது கிடைத்த மதிப்பு, அந்நாட்டாராய் மாறியபின் குறைந்தது என்னும் புண் ஹெர்னின் உள்ளத்தில் ஆறவில்லை. ஆயினும் தம் பெயரை மாற்றிக்கொண்டதற்கு வருந்தி, அதிலிருந்து மீள அவர் முயன்றாரில்லை. நாள்தோறும் காலையில் பழைய செய்தித்தாள்களின் மேல் பெரிய எழுத்துகளில் பாடம் எழுதிக் கசுவோவிற்கு ஆங்கிலம் கற்பித்து வந்தார். 1904இல் வாசெடாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

பாடும் பூச்சிகளைக் கூண்டில் வளர்ப்பது ஜப்பானியர் வழக்கம். டோக்கியோவின் பூச்சி வணிகர்களைப் பற்றி 1898இல் வெளிவந்த நூலில் ஹெர்ன் விரிவாக எழுதியிருந்தார். 1902இல் வெளிவந்த மற்றொரு நூலில், தம் வீட்டில் பாடிய மிகச் சிறு பூச்சி ஒன்றின் முடிவைக் கூறியுள்ளார். உணவிடும் பெண் விடுமுறையில் சென்றிருந்தாள். கத்தரிக்காய் தீர்ந்தபின் வேறு காய் ஒன்றை நறுக்கி இட மற்றொரு பணிப்பெண்ணுக்குத் தோன்றவில்லை. பசியால் தன் கால்களையே தின்றுகொண்டு இறுதி இரவு வரை அது பாடியது. வீட்டில் எவர்க்கும் தீய எண்ணமில்லை. மறதி ஒன்றே கொன்றது. பாடுவோர் வாழ்வைப் பற்றி அதனினும் துயரமாய் எழுதப்பட்ட பக்கங்கள் குறைவு.

1904 செப்டம்பர் 19ஆம் நாள் நெஞ்சுவலி வந்தது. சில்லறைக் காசுக்கு வாங்கிய சிறு குடத்தில் தம் எலும்புகளை இட்டு, ஆளரவமற்ற கோயிலொன்றில் புதைத்துவிடுமாறும், அழாமல் பிள்ளைகளோடு சீட்டாடிக் காலம் போக்குமாறும் செட்சுவிடம் கூறினார். அவ்வாரத்தில் தோட்டத்துச் செர்ரி மரம் பருவமல்லாப் பருவத்தில் ஒரு கிளையில் பூத்தது. கூண்டிலிருந்த சுவர்க்கோழி இனத்துப் பூச்சி ஒன்று குளிரில் குரல் தேய்ந்து பாடியது. அதன் நாள் முடியப்போகிறதென்று இரங்கி, வெயில் வரும் நாளில் அதனைப் புல்லில் விட்டுவிடும்படி அவர் சொன்னார். 26ஆம் நாள் மாலை, உணவிற்குப்பின் உலவிக்கொண்டிருந்தவர் மீண்டும் வலி கண்டு படுத்தார். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 54. டோக்கியோவின் சோஷிகயா இடுகாட்டில் அவர் கல்லறை உள்ளது. செட்சு 1932 வரை வாழ்ந்து நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார். அவ்வீடு அவர் பெயரில் இருந்தது.

ஹெர்ன் காட்டிய ஜப்பான் முழுமையானதன்று என்று பின்வந்தோர் குறை கூறியுள்ளனர். பழமையின் மீது அவர் வைத்த காதல் பல கடுமைகளை மறைத்தது என்பது உண்மையே. மொழியைக் கல்லாமலே ஒரு நாட்டின் உள்ளத்தை உரைக்க முற்பட்டதும் குறையே. ஆயினும் அவர் கேட்ட உலக்கையோசையும் பாலத்து மரச்செருப்பொலியும் மட்சுயேயில் அடங்கிப் போயின. அங்குள்ள பழைய வீடும் அதன் குளமும் பாதுகாக்கப்பட்டு, அருகே 1933இல் நினைவு அருங்காட்சியகமும் எழுந்தது. அவ்வைகறை எப்படி ஒலித்தது என்று அறிய விரும்பும் ஜப்பானியரும் அயலாராய் வந்த அம்மனிதரின் பக்கங்களையே புரட்டுகின்றனர். கண் மங்கிய ஒருவர், ஒரு வீட்டின் சுமையில் தோள்கொடுத்து, அவ்வீட்டுப் பெண்ணின் வாய்மொழிக்குச் செவிகொடுத்துச் சேர்த்த செல்வம் அது.